எம் சின்னதா, பெரியதா? மின் துறை வேலைக்குப் போகிறவர்களுக்கு

விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், எட்டயபுரம் வட்டாரத்தில் ஐடிஐ, டிப்ளமா முடித்தவர்களுக்கு இன்று முன்னால் இருக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். காற்றாலை மெயின்டனன்ஸ், சோலார் பிளான்ட் ஆபரேட்டர், பைபர் இணைப்பு டெக்னீசியன், மின்வாரியம், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் கான்ட்ராக்ட் வேலை. ஐந்துமே மின்திறனைச் சுற்றி நடக்கும் வேலைகள். ஆனால் ஒருவர் மைக்ரோவாட்டில் பேசுகிறார், இன்னொருவர் மெகாவாட்டில் பேசுகிறார். இந்த இரண்டு முனைக்கும் இடையில் தடுமாறாமல் போய்வரத் தெரிந்தவர் இன்டர்வியூவில் முந்துகிறார். மார்க் ஷீட் எல்லோரிடமும் இருக்கிறது. ஓர் எண்ணைப் பார்த்ததும் "இது நடக்காத கணக்கு" என்று சொல்லும் கண்தான் குறைவாக இருக்கிறது. அதை வளர்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

1. முதலில் வரிசை

பிக்கோ, நானோ, மைக்ரோ, மில்லி, வாட், கிலோ, மெகா, ஜிகா. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது ஆயிரம் மடங்கு. இதைத் தலைகீழாகவும் சொல்லத் தெரிய வேண்டும். பிறகு நம் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட் ஆயிரம் வாட். ஒரு மெகாவாட் 10 லட்சம் வாட். ஒரு ஜிகாவாட் 100 கோடி வாட். மில்லியன், பில்லியன் என்று பாடப் புத்தகம் சொல்வதை மனத்தில் லட்சம், கோடியாக மாற்றி வைத்தவர் வேகமாகப் பதில் சொல்வார். ஆங்கிலத்தில் கேட்டாலும் கணக்கு உள்ளே தமிழில் ஓடட்டும். வாயில் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வழக்கமான பொறிக் கேள்வி: "ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை மில்லிவாட்?" மெகாவிலிருந்து கிலோ, வாட், மில்லி என மூன்று முறை இறங்க வேண்டும். ஆயிரம் வாட் என்று ஆரம்பித்து நடுவில் தொலைந்துபோகாதீர்கள். 100 கோடி மில்லிவாட். முடிந்தது.

டேட்டா ஷீட்டில் மில்லிக்கும் மெகாவுக்கும் ஒரே எழுத்துதான். சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா. கிலோவுக்குச் சின்ன கே, வாட்டுக்கு எப்போதும் பெரிய டபிள்யூ. ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் கேப்பிடலில் அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சென்சார் எடுக்கும் 5 மில்லிவாட் உங்கள் கையில் 5 மெகாவாட் ஆகிவிடும். அந்த ரிப்போர்ட்டைப் படிக்கும் இன்ஜினீயர் திருத்திக்கொள்வார், உண்மைதான். ஆனால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மனத்துக்குள் ஒரு குறி போட்டுவிடுவார்.

2. பத்து அடையாள எண்கள்

ஃபார்முலா மறக்கும். பார்த்த பொருள் மறக்காது. அதனால் ஒவ்வோர் அளவுக்கும் நம் ஊர்ப் பொருள் ஒன்றை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் 90 டிபிஎம் என்று போனில் காட்டும் டவர் சிக்னல்: ஒரு பிக்கோவாட். பைபர் வழியாக வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒளி: 10 மைக்ரோவாட் சுமார். வைஃபை ரவுட்டர் காற்றில் அனுப்புவது: 100 மில்லிவாட் சுமார். வேம்பார், தருவைகுளம் படகுகளில் கையில் வைத்திருக்கும் விஎச்எஃப் செட் பொதுவாக 5 வாட், படகில் பொருத்துவது 25 வாட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட். கிணற்று மோட்டார் 5 ஹெச்.பி., அதாவது 3.73 கிலோவாட். கிராமத்து டிரான்ஸ்பார்மர் 63 அல்லது 100 கேவிஏ. சுஸ்லானின் எஸ்144 காற்றாலை 3.15 மெகாவாட். 1979-இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் 210 மெகாவாட், ஐந்தும் சேர்ந்து 1,050 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் தலைக்கு 1,000 மெகாவாட்.

தூத்துக்குடியின் ஒரு 210 மெகாவாட் யூனிட்டை வீட்டு பைபரின் 10 மைக்ரோவாட்டால் வகுத்துப் பாருங்கள். 21 லட்சம் கோடி வரும். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

மேலே ஒரே ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 290 வாட். ஆலை, கடை, தெருவிளக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாலு ஃபேன். இப்படி ஒரு பெரிய எண்ணை ஒரு ஆளுக்கு இறக்கிப் பேசினால் பேனலில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

3. பொருந்துகிறதா என்று சோதியுங்கள்

எண்ணைக் கேட்டதும் நம்பாதீர்கள். வேறொரு வழியில் போய் அதே எண்ணைத் தொடுங்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதி சோலார் பிளான்டை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்தது, 648 மெகாவாட், ஏறத்தாழ 25 லட்சம் பேனல் என்பார்கள். 648 மெகாவாட் என்றால் 64.8 கோடி வாட். 25 லட்சத்தால் வகுத்தால் ஒரு பேனலுக்கு 259 வாட். அந்தக் காலத்துப் பேனல் அந்த அளவில்தான் இருந்தது. கணக்கு நிற்கிறது. யாராவது 25 கோடி பேனல் என்று சொல்லியிருந்தால் பேனலுக்கு இரண்டரை வாட் வந்திருக்கும். அது பேனல் கிடையாது, பொம்மை.

கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை 4.3 ஜிகாவாட் என்று செய்தியில் வரும். அது மின்சாரம் உற்பத்தி செய்யும் அளவு அன்று. ஓராண்டில் அவர்கள் செய்யக்கூடிய பேனல்களின் மொத்தத் திறன். 540 வாட் பேனல் என்று வைத்தால் ஆண்டுக்கு 80 லட்சம் பேனலுக்குப் பக்கம். அங்கே வேலைக்கு அப்ளை செய்கிறவர் "சார், உங்க பிளான்ட் கூடங்குளத்தைவிடப் பெருசு" என்று தொடங்கினால் இன்டர்வியூ அங்கேயே இறங்கிவிடும். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

4. வாட் வேறு, யூனிட் வேறு

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கிலோவாட் என்பது ஓடும் வேகம். யூனிட் என்பது ஓடி முடித்த கணக்கு, அதாவது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம். "ஒரு நாளைக்கு 4 கிலோவாட் வருது" என்று சொன்னால் தப்பு. "4 யூனிட் வருது" என்பதுதான் சரி.

நம் பக்கம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதே விகிதத்தில் ஒரு மெகாவாட் பிளான்ட் 4,000 யூனிட். கூரை சோலார் விற்பனையில் இறங்குகிறவர்கள் இதை உதட்டிலேயே வைத்திருக்க வேண்டும். 3 கிலோவாட் போட்டால் நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். வீட்டுக்காரர் ஈபி கார்டை நீட்டியதும் அதில் உள்ள யூனிட்டைப் பார்த்து எத்தனை கிலோவாட் போதும் என்று அங்கேயே சொல்கிறவர் ஆர்டரை வாங்கிவருகிறார். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறவர் திரும்பி வருவதற்குள் அடுத்த கம்பெனிக்காரர் வந்து போயிருப்பார்.

5. ஹெச்.பி., கேவிஏ, டன்

ஹெச்.பி.யை முக்கால் ஆக்கினால் கிலோவாட். கிலோவாட்டை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஹெச்.பி. வாய்க்கணக்குக்கு இது போதும். எழுத்துத் தேர்வில் 746 வாட் என்று போடுங்கள். டீசல் இன்ஜின் கேட்டலாக்கில் பி.எஸ். என்று இருந்தால் அது மெட்ரிக் குதிரைத்திறன், 735.5 வாட். ஆயிரம் பி.எஸ். இன்ஜினில் இந்த வித்தியாசம் 10 கிலோவாட்டுக்கு மேல் போகும். ஐடிஐ டிரேடு தியரியிலும் ரயில்வே டெக்னீசியன் தேர்விலும் ஹெச்.பி. கணக்கு வராமல் இருக்காது.

மோட்டார் பிளேட்டில் உள்ள ஹெச்.பி. தண்டு வெளியே தரும் திறன். உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். 5 ஹெச்.பி. மோட்டார் 85 சதவீதச் செயல்திறனில் ஓடினால் 4.4 கிலோவாட் இழுக்கும். பவர் பேக்டர் 0.8 என்றால் 5.5 கேவிஏ. அப்படியானால் ஒரு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் எத்தனை மோட்டார்? எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 18. தண்ணீர் முறை வைத்து ஓடும் ஊரில் அதற்கு மேலும் கட்டியிருப்பார்கள். அது எப்படித் தாங்குகிறது என்று லைன்மேன் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார்.

டன் என்றால் கவனம். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் 5.3 கிலோவாட் பக்கம். இழுக்கும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் சுமார். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்டில் இரண்டு வகை டன் உண்டு. நாளைக்கு எத்தனை டன் ஐஸ் என்பது ஒன்று, கம்ப்ரஸரின் குளிரூட்டும் டன் இன்னொன்று. ஒரு டன் ஐஸுக்கு ஒரு டன் கம்ப்ரஸர் போதாது, ஏனென்றால் தண்ணீரை முதலில் சாதாரண வெப்பத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். எந்த டன் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது குறையல்ல. அனுபவசாலிகள் எல்லோரும் கேட்கிறார்கள்.

6. பைபர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

சின்ன அளவுகளின் உலகம் இதுதான், சம்பளம் இங்கே விரல் நுனியில் இருக்கிறது. பவர் மீட்டர் காட்டும் டிபிஎம் என்ற அளவு ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்குகிறது. இரண்டே விதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 3 குறைந்தால் பாதி. மைனஸ் 10 என்றால் 100 மைக்ரோவாட். மைனஸ் 20 என்றால் 10 மைக்ரோவாட். மைனஸ் 23 என்றால் 5. மைனஸ் 30 என்றால் 1. கால்குலேட்டரைத் தொட வேண்டியதே இல்லை.

ஒரு லைனைக் கணக்குப் போடுவோம். கன்ட்ரோல் ரூமிலிருந்து பிளஸ் 4 கிளம்புகிறது. 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் 17.5 விழுங்கும். எட்டு கிலோமீட்டர் பைபருக்கு 2. கனெக்டர்கள், ஸ்பிளைஸ்களுக்கு 1.5. வீட்டில் வர வேண்டியது மைனஸ் 17, அதாவது 20 மைக்ரோவாட். கம்பத்தில் ஏறி மீட்டரைச் செருகுகிறீர்கள், மைனஸ் 27 காட்டுகிறது. 10 டிபி குறைவு, பத்தில் ஒன்பது பங்கு ஒளி வழியில் தொலைந்துவிட்டது. சாதாரண வீட்டுப் பெட்டிக்கு இதுதான் கடைசி எல்லை. மைனஸ் 28-க்குப் போனால் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பில் மின்னும், வாடிக்கையாளர் போன் செய்வார்.

இங்கே புது ஆள் பெட்டியை மாற்றுவார். தெரிந்த ஆள் முதலில் கனெக்டர் முனையை ஆல்கஹால் துடைப்பானால் துடைப்பார். நம் கரிசல் தூசி ஒரு துகள் உட்கார்ந்தால் போதும். பிறகு பைபர் எங்காவது இறுக்கி வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கேபிள் டையை அறுத்து வளைவைத் தளர்த்தியதும் மீட்டர் மைனஸ் 27-லிருந்து மைனஸ் 18-க்கு ஏறும். பெட்டிச் செலவு மிச்சம், அரை மணி நேரம் மிச்சம். அந்த இரண்டு எண்ணையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள். முன்பு, பின்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம். பைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். சில மில்லிவாட்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத லேசர் அது, விழித்திரையில் போய்க் குவியும்.

7. சோலார், காற்றாலைக்குப் போகிறவர்களுக்கு

50 மெகாவாட் பிளான்டின் ஸ்காடா திரையில் 41.3 மெகாவாட் என்று ஓடிக்கொண்டிருக்கும். 28 பேனல் சேர்ந்த ஒரு ஸ்டிரிங் செத்துவிட்டது. 540 வாட் வீதம் 15 கிலோவாட். மொத்தத்தில் 0.03 சதவீதம். மெகாவாட்டில் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் மட்டும் காட்டும் திரையில் இது தெரியவே தெரியாது. மேகம் ஒன்று கடந்தால் அதைவிடப் பல மடங்கு ஆடும். அதனால் மெகாவாட் திரையையே பார்த்துக்கொண்டு உட்காருகிறவர் இதைப் பிடிக்க முடியாது. இன்வெர்ட்டருக்குள் போய் ஸ்டிரிங் வாரியாக ஆம்பியரைப் பார்க்கிறவர் பிடிப்பார். பக்கத்து ஸ்டிரிங் எல்லாம் 1,160 வோல்ட், 13 ஆம்பியர். பெருக்கினால் 15 கிலோவாட். இது மட்டும் பூஜ்யம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எம்சி4 கனெக்டர் கருகியிருக்கும்.

இப்போது இதைப் பணமாக்குங்கள். 15 கிலோவாட், நாளைக்கு 4 யூனிட் வீதம் 60 யூனிட். ஆண்டுக்கு 22,000 யூனிட். யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் 66,000 ரூபாய். அப்ரைசல் நேரத்தில் "நல்லா வேலை செஞ்சேன் சார்" என்று சொல்லாதீர்கள். "இந்த வருஷம் இத்தனை ஸ்டிரிங் கண்டுபிடிச்சேன், ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு 66,000 ரூபாய்" என்று சொல்லுங்கள். உங்கள் சம்பள உயர்வுக்கு எதிராகப் பேசுவது மேனேஜருக்குக் கஷ்டமாகிவிடும். உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவரும் அதே உயர்வுக்குத்தான் நிற்கிறார் என்பதை மறக்க வேண்டாம். எண் வைத்திருப்பவருக்கு முதலில் போகும்.

காற்றாலையில் ஒரு விஷயம் புதியவர்களைத் திகைக்க வைக்கும். காற்று செத்த நேரத்தில் மெஷின் மைனஸ் கிலோவாட் காட்டும். கோளாறு இல்லை. கன்ட்ரோலர், ஆயில் பம்ப், ஹீட்டர், யா மோட்டார் எல்லாம் கிரிட்டிலிருந்து இழுக்கின்றன. உடனே அலறி போன் போடாதீர்கள். இன்னொன்று, காற்று வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் உள்ள திறன் எட்டு மடங்கு. ஆனியில், ஆடியில் கிலோவாட் எண்கள் திடீரென்று மெகாவாட்டுக்குத் தாவுவது இதனால்தான். பிளேட், பிரேக், பிட்ச் வேலைகளை அந்த மாதங்களுக்கு முன்பே முடிக்கச் சொல்வதும் இதனால்தான். கயத்தாறில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. கல்லூரி வழியாக ஒரு நாள் விசிட் கிடைத்தால் விடாதீர்கள்.

8. கண்ணில் படும் பழக்கங்கள்

ஷிப்ட் ரிப்போர்ட்டில் ஒரே நெடுவரிசையில் ஒரே அலகு. மேலே மெகாவாட், கீழே கிலோவாட் என்று கலந்தால் கூட்டுகிறவர் திணறுவார். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள். கருவி காட்டாத துல்லியத்தை எழுதாதீர்கள். 1.2 என்று மீட்டர் காட்டினால் 1.2000 என்று எழுதுவது திறமை ஆகாது. எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன்: "இன்வெர்ட்டர் 7, ஸ்டிரிங் 4, 0 ஆம்பியர், காலை 10.40 முதல் 12.15 வரை. இழப்பு சுமார் 20 யூனிட். கனெக்டர் மாற்றியாச்சு." மேலிடத்துக்கு ஃபார்வர்டு ஆகும் மெசேஜ் இப்படித்தான் இருக்கும். அதில் உங்கள் பெயரும் போகும்.

பயோடேட்டாவில் "சோலார் பிளான்ட் அனுபவம்" என்று எழுதாதீர்கள். "50 மெகாவாட் பிளான்ட், 1,500 வோல்ட் டிசி, ஸ்டிரிங் இன்வெர்ட்டர்" என்று எழுதுங்கள். வேப்பலோடை ஐடிஐ பிள்ளையும் கோவில்பட்டி பி.இ.யும் ஒரே வேலைக்கு வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு வரியால் ஐடிஐ பிள்ளை உள்ளே போக முடியும். சூர்யமித்ரா பயிற்சி, காற்றாலைக்கு ஜி.டபிள்யூ.ஓ. பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டும் கையில் இருந்தால் கூடுதல் பலம். உயரத்தில் ஏறும் வேலைக்கு இரண்டாவது கிட்டத்தட்ட கட்டாயம்.

9. கடைசியாகக் கேட்கும் கேள்வி

"எத்தனை காற்றாலை சேர்ந்தா தூத்துக்குடி அனல் நிலையத்து ஒரு யூனிட்டுக்குச் சமம்?" அவசரக்காரர் 210-ஐ 3.15-ஆல் வகுத்து 67 என்பார். நீங்கள் அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், திறனுக்குச் சமமா, யூனிட்டுக்குச் சமமா?" திறன் என்றால் 67 சரி. யூனிட் என்றால், காற்றாலை ஆண்டு முழுவதும் சராசரியாக 30 சதவீதத்தில் ஓடுவதாகவும் அனல் யூனிட் 70 சதவீதத்தில் ஓடுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சராசரி 0.945 மெகாவாட், மறுபக்கம் 147 மெகாவாட். வகுத்தால் 156 காற்றாலை. இரண்டு சதவீதமும் நீங்கள் வைத்துக்கொண்டவை என்பதையும் சொல்லுங்கள். அவர் வேறு சதவீதம் கொடுத்தால் அவர் கண் முன்னாலேயே மறுபடி போட்டுக் காட்டுங்கள்.